பாஸ்தாவும் பேஸ்ட்டும் ஒரே சொல்தான்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக் கொள்ளும் கட்டளைகள் மூன்று. அவை கட், காப்பி, பேஸ்ட். இதில் கட் என்றால் வெட்டுவது, காப்பி என்றால் நகல் எடுப்பது என எளிதில் புரிந்துவிடுகிறது. பேஸ்ட் என்றால் ஒட்டுவது என்பதும் தெரியும். ஆனால் இந்த பேஸ்ட் என்ற சொல்லும், ஓட்டல்களில் வெள்ளை சாஸ் ஊற்றித் தரப்படும் பாஸ்தா என்ற சொல்லும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது பலருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் இதழில் சாப்பாட்டுப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. இந்தச் சொல் மாவிலிருந்து பசைக்கும், பசையிலிருந்து கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து மீண்டும் பாஸ்தா என்ற பெயருக்கே திரும்பியும் வந்திருக்கிறது. அந்தப் பயணத்தைத் தெரிந்து கொண்டால் பேஸ்ட் என்ற கட்டளை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதும், அதை வைத்து இன்று நடக்கும் மோசடியிலிருந்து தப்புவது எப்படி என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும். வாருங்கள், பார்ப்போம்.

மாவும் தண்ணீரும்

பண்டைய கிரேக்க மொழியில் பாஸ்தா என்றால் பார்லிக் கஞ்சி போன்ற ஓர் உணவு. தூவுதல் என்ற பொருள் தரும் வினைச் சொல்லிலிருந்து அது பிறந்தது. உப்பு தூவிய உணவு என்பது அதன் முதல் பொருளாக இருந்திருக்கலாம் என அகராதி வல்லுநர்கள் கருதுகின்றனர். அங்கிருந்து இச்சொல் பிற்கால லத்தீன் மொழிக்குச் சென்றபோது, பிசைந்த மாவு என்ற பொருளைப் பெற்றது.

லத்தீனிலிருந்து இது இரண்டு வழிகளில் பிரிந்தது. இத்தாலியில் பாஸ்தா என்ற பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. பிரான்சில் பழைய பிரெஞ்சு மொழியில் பாஸ்ட் என ஆயிற்று. இந்தப் பிரெஞ்சுச் சொல்லைத்தான் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர்கள் பேஸ்ட் என எடுத்துக் கொண்டார்கள். அப்போது அவர்களுக்கும் பேஸ்ட் என்றால் பலகாரம் செய்யப் பிசைந்த மாவுதான். பேக்கரியில் நாம் கேட்டு வாங்கும் பேஸ்ட்ரி இந்தச் சொல்லின் நேரடி வாரிசு.

பல நூறு ஆண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டில், அதே ஆங்கிலேயர்கள் இத்தாலியிலிருந்து பாஸ்தா என்ற சொல்லை மீண்டும் ஒருமுறை கடன் வாங்கினார்கள். ஒரே சொல் ஒரு மொழிக்குள் இரண்டு முறை, இரண்டு வாசல்கள் வழியே நுழைந்திருக்கிறது.

குழைவாக அரைத்த எதையும் பேஸ்ட் என்று சொல்லும் வழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். இஞ்சி பூண்டு பேஸ்ட், டூத் பேஸ்ட் எல்லாம் அந்த வகை. ஸ்பானிய மொழியில் இன்றும் டூத் பேஸ்ட்டுக்கு பாஸ்தா தே தியெந்தெஸ் என்றுதான் பெயர். பற்களுக்கான பாஸ்தா!

மாவு எப்படிப் பசை ஆயிற்று என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுவரொட்டி ஒட்டுபவர்களும், காற்றாடி செய்யும் சிறுவர்களும் மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்துத்தானே பசை காய்ச்சுகிறார்கள்? கெட்டியாகப் பிசைந்தால் உணவு. நீர்க்கக் காய்ச்சினால் பசை. ஐரோப்பாவிலும் இதுவே நடந்தது. 1400ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்தில் பேஸ்ட் என்ற சொல்லுக்குப் பசை என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஒட்டுதல் என்ற வினைச் சொல்லாகவும் அது மாறியது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். நம் தமிழில் உள்ள பசை என்ற சொல்லும் பேஸ்ட் போலத்தானே ஒலிக்கிறது? இது தற்செயலான ஒற்றுமை மட்டுமே. பசை திராவிடச் சொல். கன்னடத்திலும் மலையாளத்திலும் அதற்கு உறவுச் சொற்கள் உண்டு. கிரேக்கத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

கத்தரிக்கோலும் பசைக் கிண்ணமும்

கம்ப்யூட்டர் வருவதற்கு முன், பத்திரிகை அலுவலகங்களிலும் புத்தகப் பதிப்பகங்களிலும் ஆசிரியர்களின் மேஜை மீது இரண்டு பொருட்கள் கட்டாயம் இருக்கும். ஒன்று நீண்ட கத்தரிக்கோல், மற்றொன்று பசைக் கிண்ணம். டைப்ரைட்டரில் அடித்து வந்த கட்டுரையில் மூன்றாவது பத்தி முதலில் வர வேண்டும் என்றால், முழுவதையும் மறுபடி டைப் செய்ய நேரம் ஏது? அந்தப் பத்தியை வெட்டி எடுத்து, மேலே கொண்டு போய் ஒட்டிவிடுவார்கள். கட் அண்ட் பேஸ்ட் என்ற தொடர் இந்த மேஜையிலிருந்து வந்ததுதான்.

இந்த முறையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பசைக்குப் படிக்கத் தெரியாது. நல்ல செய்தியையும் ஒட்டும், பொய்யையும் ஒட்டும், தலைகீழாக வைத்தாலும் ஒட்டும். சரியானதுதானா என்று பார்க்க வேண்டியது ஒட்டுபவரின் வேலை. கம்ப்யூட்டருக்குள் வந்த பிறகும் பசையின் இந்தக் குணம் மாறவில்லை. இதை மனதில் வைத்துக் கொண்டு மேலே படியுங்கள்.

கம்ப்யூட்டருக்குள் வந்த கதை

1970களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லர் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி பணியாற்றி வந்தார். அவரும் டிம் மோட் என்பவரும் சேர்ந்து ஜிப்சி என்ற எடிட்டர் புரோகிராமை உருவாக்கினார்கள். ஜெராக்ஸின் கீழ் இயங்கிய ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்துக்காக அது தயாரானது. பதிப்பகத்தின் ஆசிரியர்கள் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு வேலை செய்து பழகியவர்கள். அவர்களுக்குப் புரியும் சொற்களையே கட்டளைகளாக வைத்தால் என்ன? கட், காப்பி, பேஸ்ட் என்ற மூன்று கட்டளைகளும் இப்படித்தான் திரைக்கு வந்தன.

அதற்கு முன் இருந்த எடிட்டர்களில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலை உண்டு. எழுத்தைச் சேர்க்க ஒரு நிலை, அழிக்க ஒரு நிலை. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மறந்து ஒரு கீயை அழுத்தினால், எழுதியது அழிந்து போகலாம். இந்த நிலைகளை அடியோடு வெறுத்தவர் டெஸ்லர். நிலைகள் வேண்டாம் என்ற வாசகத்தைத் தம் காரின் நம்பர் பிளேட்டிலேயே ஆங்கிலத்தில் பொறித்து வைத்திருந்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

1980இல் டெஸ்லர் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1983இல் வெளிவந்த லிசா, 1984இல் வெளிவந்த மேகின்டோஷ் ஆகிய கம்ப்யூட்டர்கள் மூலம் இந்தக் கட்டளைகள் பொதுமக்களிடம் வந்தன. எக்ஸ், சி, வி என்ற கீகளும் அங்கேதான் நிலை பெற்றன. சி என்பது காப்பியின் முதல் எழுத்து. எக்ஸ் என்பது அடித்து நீக்குவதற்குப் போடும் குறுக்குக் கோடு. பேஸ்ட்டுக்கு பி தானே வர வேண்டும் என்று கேட்பீர்கள். பி பிரிண்ட் கட்டளைக்குப் போய்விட்டது. வி என்ற எழுத்தோ, இங்கே செருகவும் என்று பிழை திருத்துபவர்கள் போடும் கூரை போன்ற குறியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கிறது. கீ போர்டில் எக்ஸ், சி, வி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதும் வசதியாகப் போயிற்று.

விண்டோஸில் முதலில் வேறு கீகள் பயன்பட்டன. காப்பி செய்ய கண்ட்ரோல் + இன்சர்ட், பேஸ்ட் செய்ய ஷிப்ட் + இன்சர்ட். 1992இல் வெளியான விண்டோஸ் 3.1 தொகுப்பில்தான் கண்ட்ரோலுடன் எக்ஸ், சி, வி என்ற முறை வந்தது. பழைய கீகளும் இன்று வரை பல புரோகிராம்களில் வேலை செய்கின்றன. அழுத்திப் பாருங்கள்.

லாரி டெஸ்லர் 2020 பிப்ரவரியில் தமது 74ஆவது வயதில் காலமானார்.

கிளிப்போர்டு: செய்து பாருங்கள்

பேஸ்ட் செய்வதற்கு முன், நீங்கள் காப்பி செய்தது எங்கே போய் உட்காருகிறது? அந்த இடத்தின் பெயர் கிளிப்போர்டு. பரீட்சைக்கு எடுத்துச் செல்லும் கிளிப் வைத்த அட்டை நினைவிருக்கிறதா? அதே பெயர்தான். கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில் இதற்கென ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அதைப் புரிந்து கொள்ள நோட்பேடைத் திறந்து கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

1. ஒரு வரி டைப் செய்யுங்கள். மவுஸால் இழுத்து அதைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + சி அழுத்துங்கள். திரையில் எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் அந்த வரியின் நகல் கிளிப்போர்டுக்குச் சென்றுவிட்டது.

2. எண்டர் தட்டி அடுத்த வரிக்கு வந்து கண்ட்ரோல் + வி அழுத்துங்கள். வரி அங்கே ஒட்டப்படும். மீண்டும் மீண்டும் அழுத்தினால் மீண்டும் மீண்டும் ஒட்டும். இந்தப் பசை தீர்ந்து போவதில்லை.

3. இப்போது வேறு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்து, பின் கண்ட்ரோல் + வி அழுத்துங்கள். புதிய சொல்தான் ஒட்டப்படும். பழையதை இது தள்ளிவிட்டது. சாதாரணமாக இந்த அட்டையில் ஒரு தாள்தான் நிற்கும்.

4. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + எக்ஸ் அழுத்துங்கள். வரி மறைந்துவிடும். அது கிளிப்போர்டில் மட்டும் இருக்கிறது. அதை ஒட்டுவதற்கு முன் வேறு எதையாவது காப்பி செய்தால் அது கையை விட்டுப் போய்விடும். அப்படி நேர்ந்தால் பதறாமல் கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள். வெட்டியது பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஒரு தாள் போதாது என்பவர்களுக்கு, விண்டோஸ் 10 தொகுப்பின் 2018 அக்டோபர் அப்டேட்டில் கிளிப்போர்டு ஹிஸ்டரி என்ற வசதி தரப்பட்டது. விண்டோஸ் கீயுடன் வி அழுத்துங்கள். முதல் முறை இந்த வசதியை இயக்கலாமா எனக் கேட்கும். சம்மதம் தந்தால், அதன் பின் காப்பி செய்பவற்றில் 25 வரை பட்டியலாக வைத்திருக்கும். வேண்டியதைக் கிளிக் செய்து ஒட்டிக் கொள்ளலாம். அடிக்கடி பயன்படுபவற்றை அங்கேயே பின் செய்தும் வைக்கலாம். பின் செய்யாதவை கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்கையில் நீங்கிவிடும்.

இதில் எச்சரிக்கை ஒன்று உண்டு. பாஸ்வேர்டைக் காப்பி செய்தால் அதுவும் இந்தப் பட்டியலில் நிற்கலாம். பிரவுசிங் சென்டரிலோ, பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரிலோ பாஸ்வேர்டைக் காப்பி செய்யாதீர்கள். செய்துவிட்டால், விண்டோஸ் + வி அழுத்திப் பட்டியலைக் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.

இன்னொரு பயனுள்ள குறிப்பு. வெப்சைட்டிலிருந்து காப்பி செய்ததை வேர்டில் ஒட்டினால் அதன் வண்ணம், எழுத்தின் அளவு எல்லாம் கூடவே வந்து டாகுமெண்ட்டைக் குழப்பும். எழுத்து மட்டும் போதும் என்றால் கண்ட்ரோல் + ஷிப்ட் + வி அழுத்துங்கள். பெரும்பாலான புதிய புரோகிராம்களில் இது வேலை செய்யும். செய்யாத இடத்தில் முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மீண்டும் காப்பி செய்து எடுத்துச் செல்லுங்கள். நோட்பேடின் இந்தப் பயனை நினைவில் வையுங்கள். கட்டுரையின் கடைசியில் இது வேறு ஒரு விதத்தில் கை கொடுக்கப் போகிறது.

காப்பிபாஸ்தா: சொல் வீடு திரும்பியது

இப்போது சொல்லின் பயணத்துக்குத் திரும்புவோம். மாவு பசையாகி, பசை கட்டளையாகிவிட்டது. 2006ஆம் ஆண்டு வாக்கில் இன்டர்நெட்டில் கூடிப் பேசும் இளைஞர்கள், காப்பி பேஸ்ட் என்பதன் கடைசி எழுத்தை விளையாட்டாக மாற்றி காப்பிபாஸ்தா என்று சொல்லத் தொடங்கினார்கள். யாரோ எழுதியதை யார் யாரோ அப்படியே எடுத்து எல்லா இடங்களிலும் ஒட்டிக் கொண்டே போனால், அந்த எழுத்துத் துண்டுக்குப் பெயர் காப்பிபாஸ்தா. இதே பாணியில், ஒட்டி ஒட்டிப் பரவும் பேய்க் கதைகளுக்கு கிரீப்பிபாஸ்தா என்ற பெயரும் வந்தது.

கேலியாகச் செய்த மாற்றம்தான். ஆனால் அதன் மூலம் அந்தச் சொல் தன் பிறந்த பெயருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

சொல் புதிது, செயல் பழையது. தபாலில் சங்கிலிக் கடிதங்கள் வந்த காலத்திலேயே இது இருந்தது. பத்து பேருக்கு இதை எழுதி அனுப்பாவிட்டால் கெடுதல் நேரும் என்று மிரட்டும் அந்தக் கடிதங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கையால் எழுத வேண்டியிருந்ததால் அப்போது பத்து பேரோடு நின்றது. பேஸ்ட் வந்த பிறகு எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

1994: குட் டைம்ஸ் என்ற தலைப்பில் ஓர் இமெயில் வரும், அதைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கை உலகெங்கும் பரவியது. அப்படி ஒரு வைரஸே இல்லை. நல்ல எண்ணத்துடன் எல்லோருக்கும் அனுப்பிய எச்சரிக்கைதான் வைரஸ் போலப் பரவியது.

2002: உங்கள் கம்ப்யூட்டரில் கரடி பொம்மை ஐகானுடன் ஒரு பைல் இருந்தால் அது வைரஸ், 14 நாட்கள் தூங்கிவிட்டுப் பின் விழிக்கும், ஆண்டி வைரஸ் புரோகிராம்களாலும் கண்டுபிடிக்க முடியாது, உடனே அழித்துவிட்டு உங்கள் அட்ரஸ் புக்கில் உள்ள அனைவருக்கும் தெரிவியுங்கள் என ஓர் இமெயில் வந்தது. தேடிப் பார்த்தவர்களுக்கு கரடி பொம்மை கிடைத்தது. அழித்தார்கள், நண்பர்களுக்கும் அனுப்பினார்கள். உண்மையில் அது விண்டோஸுடன் வரும் பைல். ஜாவா புரோகிராம்களில் பிழை கண்டறிய உதவுவது. எல்லோரிடமும் இருந்ததால்தான் எல்லோருக்கும் கிடைத்தது! இங்கே கெடுதலைச் செய்தது வைரஸ் அல்ல. அந்த எழுத்தை நம்பிய கை.

2012: என் படங்களையும் பதிவுகளையும் பயன்படுத்த பேஸ்புக்குக்கு அனுமதி இல்லை என்று சட்ட நடையில் எழுதிய ஓர் அறிவிப்பைப் பல்லாயிரம் பேர் தங்கள் பக்கத்தில் ஒட்டிக் கொண்டார்கள். காப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்தை அதில் பெர்னர் என்று தவறாக எழுதியிருந்தார்கள். ஒட்டியவர்கள் அந்தப் பிழையையும் சேர்த்தே ஒட்டினார்கள். கணக்கு தொடங்கும்போது ஒப்புக்கொண்ட விதிமுறைகளை இப்படி ஒரு பதிவால் மாற்ற முடியாது. இருந்தும் 2024இல், மெட்டா நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவுக்கு என் தகவல்களைத் தர மாட்டேன் என்று இதே பாணியில் இன்னொரு அறிவிப்பு வந்து, பிரபலங்கள் உட்படப் பலர் ஒட்டினார்கள். அதற்கும் எந்தப் பயனும் இல்லை. உண்மையில் தகவலைக் காக்க வேண்டும் என்றால் செட்டிங்ஸ் பகுதிக்குள் போக வேண்டும். சுவரில் நோட்டீஸ் ஒட்டினால் கதவு பூட்டிக் கொள்ளாது.

ஆக, கிடைத்ததை ஒட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை எழுதியவர் யார்? இதில் சொல்லப்படும் நிறுவனம் அல்லது அரசு தன் சொந்தத் தளத்தில் இதைச் சொல்லியிருக்கிறதா? எல்லோருக்கும் அனுப்பு என்று ஏன் அவசரப்படுத்துகிறது? மூன்றாவது கேள்வியே பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

ஒட்டச் சொல்லி ஏமாற்றும் புதிய மோசடி

மேலே சொன்னவற்றில் நேரம் வீணாகும், மானம் கொஞ்சம் போகும். பணம் போகும் வகை 2024 முதல் பரவி வருகிறது. கம்ப்யூட்டர் பாதுகாப்பு வல்லுநர்கள் இதற்கு கிளிக்பிக்ஸ் எனப் பெயரிட்டுள்ளனர். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறக்கிறீர்கள். நீங்கள் மனிதர்தானா, ரோபோவா என்று சோதிக்கும் கட்டம் வருகிறது. வழக்கமாகப் பார்ப்பதுதானே என்று அதில் கிளிக் செய்கிறீர்கள். உடனே, சோதனையை முடிக்க மூன்று படிகள் என்று ஒரு செய்தி வருகிறது. விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்துங்கள், அடுத்து கண்ட்ரோல் + வி அழுத்துங்கள், பின் எண்டர் தட்டுங்கள். அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். நீங்கள் கட்டத்தில் கிளிக் செய்த போதே, அந்த வெப்சைட் ஒரு கட்டளை வரியை உங்கள் கிளிப்போர்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டது. நீங்கள் எதையும் காப்பி செய்யவில்லை. ஆனால் அட்டையில் வேறொருவர் தாளைச் செருகிவிட்டார். விண்டோஸ் + ஆர் என்பது ரன் பாக்ஸைத் திறக்கும் கீ. அதில் எழுதி எண்டர் தட்டுவதை விண்டோஸ் உடனே நிறைவேற்றும். கண்ட்ரோல் + வி அழுத்தியதும் அந்தத் திருட்டுக் கட்டளை அங்கே ஒட்டப்பட்டது. ரன் பாக்ஸ் சிறியது என்பதால் நீண்ட கட்டளையின் வால் பகுதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வாலில், நான் ரோபோ அல்ல என்பது போன்ற வாசகத்தை எழுதி வைத்திருப்பார்கள். எண்டர் தட்டியதும் இன்டர்நெட்டிலிருந்து ஒரு புரோகிராம் இறங்கி, பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக் கொண்டு போய்விடும்.

இவ்வளவு சுற்றி வளைப்பது ஏன்? ஒரு வெப்சைட் தானாக உங்கள் கம்ப்யூட்டரில் புரோகிராமை இயக்க பிரவுசர் விடாது. வேலி போட்டு வைத்திருக்கிறது. அந்த வேலியைத் தாண்ட உங்கள் கை தேவை. நீங்களே கட்டளை தருவதால், உரிமையாளர் சொல்கிறார் என விண்டோஸும் கேட்டுக் கொள்கிறது. ஆண்டி வைரஸ் சில நேரங்களில் தடுக்கும், சில நேரங்களில் ஏமாந்துவிடும். இதே தந்திரத்தைப் பைல் எக்ஸ்புளோரரின் அட்ரஸ் பாரில் ஒட்டச் சொல்லியும், மேக் கம்ப்யூட்டர்களில் டெர்மினல் விண்டோவில் ஒட்டச் சொல்லியும் செய்கிறார்கள்.

தப்பிக்கும் வழி எளிது. மனிதர்தானா என்ற உண்மையான சோதனை, கட்டத்தில் டிக் செய்யச் சொல்லும். படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். எழுத்துக்களை டைப் செய்யச் சொல்லும். பிரவுசரை விட்டு வெளியே வந்து எதையும் ஒட்டச் சொல்லாது. சொன்னால் அது மோசடி. உடனே அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கிளிப்போர்டில் என்ன இருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால், நோட்பேடைத் திறந்து அதில் ஒட்டிப் பாருங்கள். நோட்பேட் எதையும் இயக்காது. காட்ட மட்டும் செய்யும். நீங்கள் காப்பி செய்யாத ஏதோ ஒரு நீண்ட ஆங்கில வரி அங்கே தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஏற்கனவே எண்டர் தட்டிவிட்டீர்களா? முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கம்ப்யூட்டர் அல்லது மொபைல் மூலம் இமெயில், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பைக் குறைக்கும். அதன் பின் விவரம் தெரிந்தவரிடம் கம்ப்யூட்டரைக் காட்டிச் சுத்தம் செய்யுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் திருடனுக்குத்தான் லாபம்.

பாஸ்தா குடும்பத்தின் மற்ற சொற்கள்

பாஸ்தா என்பது பொதுப் பெயர். அதன் வடிவங்களுக்குத் தனித் தனிப் பெயர்கள் உண்டு. நாம் சேமியா என்று சொல்வதை ஆங்கிலத்தில் வெர்மிசெல்லி என்பார்கள். இத்தாலிய மொழியில் அதன் பொருள் குட்டிப் புழுக்கள்! இறகுப் பேனாவின் முனை போலச் சாய்வாக வெட்டிய பென்னே, இறகு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் பென்னும் அதே சொல்தான். நீளமான ஸ்பகெட்டி என்றால் சிறு கயிறுகள்.

இந்த ஸ்பகெட்டி எங்கள் சாப்ட்வேர் துறையில் ஒரு வசைச் சொல். இந்த வரியிலிருந்து அந்த வரிக்குத் தாவு, அங்கிருந்து வேறு வரிக்குத் தாவு என்று குதித்துக் கொண்டே போகும் புரோகிராமை ஸ்பகெட்டி கோட் என்பார்கள். தட்டில் உள்ள ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது அல்லவா, அது போல. இப்படித் தாவும் கட்டளை தீமை தரும் என்று நெதர்லாந்து நாட்டுக் கம்ப்யூட்டர் விஞ்ஞானி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் எழுதிய கடிதம் புகழ் பெற்றது. புரோகிராம் எழுதுபவர்களும் காப்பி பேஸ்ட் செய்பவர்கள்தான். பத்து வரியை எட்டு இடங்களில் ஒட்டினால், அதில் ஒரு பிழை இருந்தால் எட்டு இடத்திலும் பிழை. ஓரிடத்தில் திருத்தி மற்ற ஏழை மறந்துவிட்டால் தலைவலிதான்.

நினைவில் கொள்ள

* காப்பி செய்தது நீங்கள்தானா, ஒட்டும் இடம் எது என்ற இரண்டையும் பார்த்த பிறகே கண்ட்ரோல் + வி.
* ரன் பாக்ஸ், டெர்மினல் போன்ற கட்டளை தரும் இடங்களில், பொருள் புரியாத எதையும் ஒட்டாதீர்கள்.
* வங்கிக் கணக்கு எண்ணை ஒட்டிய பின் முதல் நான்கு, கடைசி நான்கு இலக்கங்களை மூல எண்ணோடு ஒப்பிடுங்கள். கிளிப்போர்டில் உள்ளதைச் சத்தமில்லாமல் மாற்றும் திருட்டுப் புரோகிராம்களும் உள்ளன. கிரிப்டோ பணம் அனுப்புபவர்களின் முகவரியை இப்படி மாற்றித் திருடுகிறார்கள்.
* எல்லோருக்கும் அனுப்பு என்று கேட்கும் செய்தியை, சரி பார்க்கும் வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.
* வீட்டில் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் விண்டோஸ் + ஆர் மோசடியைச் சொல்லி வையுங்கள். ஒரு நிமிடம் போதும்.

அன்று பசைக் கிண்ணத்தை வைத்திருந்த ஆசிரியர், தாளைப் படித்துப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டார். இன்று அந்தக் கிண்ணம் உங்கள் இரண்டு விரல்களுக்குக் கீழே இருக்கிறது. நீங்களும் படித்துவிட்டே ஒட்டுங்கள்.